காஷ்மீர் அங்கியும் சான்றிதழும்

1899 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரைப் போயர் படை முற்றுகையிட்டது. 118 நாள் நீடித்த அந்த முற்றுகைக்குள் ஆங்கிலச் சிப்பாய்களோடு சில இந்தியர்களும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பிரபுசிங். அந்நகர் இருந்த ஆங்கிலேயர் குடியேற்றமான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். எதிரே உம்புல்வானா குன்றில் போயர்களின் பீரங்கி நின்றது. அது வெடிக்கும்போது முதலில் தெரிவது ஒளி. குண்டு ஊருக்குள் வந்து விழச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சற்று நேரம்தான் பிரபுசிங்கின் உத்தியோகம். மரத்தின் மேல் உட்கார்ந்து குன்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒளி தெரிந்ததும் மணியடிப்பார். ஊர் பதுங்கிக்கொள்ளும். ஒரு தடவைகூட அவர் மணி தவறவில்லை என்று லேடிஸ்மித்தின் பொறுப்பில் இருந்த அதிகாரி பாராட்டினார். செய்தி இந்தியா வரை எட்டியது. வைஸ்ராய் கர்சன் ஒரு காஷ்மீர் அங்கியை அனுப்பி, அதை ஊரறியக் கொடுக்கவேண்டும் என்று நேட்டால் அரசுக்கு எழுதினார். டர்பன் மேயர் நகர மண்டபத்தில் கூட்டம் கூட்டி அந்த அங்கியை வழங்கினார்.

அதே போரில், அதே நேட்டாலில், காந்தி ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் முந்நூறு, நானூறு பேர் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டக் கூலிகளில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால், அந்தத் தூளிகளைச் சுமந்த தோள்களில் எத்தனை தமிழ்த் தோள்கள் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கொலன்சோவிலும் ஸ்பியோன் கோப் மலையிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல்கூட நடந்தார்கள். தளபதி புல்லர் தன் போர் அறிக்கையில் இந்தப் படையைக் குறிப்பிட்டார். பதக்கம் 37 பேருக்குக் கிடைத்தது. அந்த 37 பேர் தலைவர்கள். சுமந்தவர்களுக்குப் பதக்கம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள்மீது நேட்டால் அரசு 1895இல் விதித்த ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி மட்டும் போருக்குப் பிறகும் 1914 வரை தொடர்ந்தது.

போர்க்காலத்தில் சாமானியன் நாட்டுக்குச் செய்த சேவைக்கு அரசு எப்படிக் கைம்மாறு செய்கிறது என்ற கேள்வியை எங்கிருந்து எடுத்தாலும் இந்த இரண்டு காட்சிகளுக்குள் வந்து நிற்கிறது. ஓரிடத்தில் ஒருவனுக்கு அங்கி. இன்னோரிடத்தில் தலைமை தாங்கியவனுக்குப் பதக்கம், சுமந்தவனுக்கு வரி. சிப்பாயின் கணக்கு வேறு. அவனுக்கு எண் உண்டு, படைப்பிரிவு உண்டு, சம்பளப் பதிவேடு உண்டு. செத்தால் வீட்டுக்குத் தகவல் வரும். சாமானியனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவன் செய்த வேலைக்குச் சாட்சி, அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவன்தான். அவனும் பெரும்பாலும் இன்னொரு சாமானியன்.

நம் முன்னோர் இதை நம்மைவிட எளிதாகத் தீர்த்துவிட்டார்கள் என்று சில சமயம் தோன்றும். வேந்தன் ஏனாதி, காவிதி, எட்டி என்று பட்டம் கொடுத்தது மேல்தட்டுக்கு. ஊர்ப் பூசலில் செத்தவனுக்கு ஊரே கல் நட்டது. அவன் வாரிசுக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட வழக்கமும் கல்வெட்டுகளில் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பெயர் பதிவாகியிருக்கிறது. 1900இல் ஸ்பியோன் கோப்பிலிருந்து தூளி சுமந்தவனின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நவீன அரசு இந்தச் சிக்கலை உணர்ந்தது முதல் உலகப்போரின்போதுதான். போர் இனிப் படைவீரர்களின் வேலை மட்டுமல்ல, குண்டு செய்யும் தொழிற்சாலைப் பெண்ணும் அதில் பங்காளி என்று தெரிந்த பிறகு, 1917 ஜூனில் பிரிட்டன் புதிதாக ஒரு விருது வரிசையைத் தொடங்கியது. பிரிட்டிஷ் பேரரசு விருது என்பது அதன் பெயர். ஐந்து படிகள், கீழே ஒரு பதக்கம். பெண்களுக்கும் உண்டு. முதல் நாலைந்து ஆண்டுகளில் 20,000 பேருக்கு மேல் இதற்குள் வந்துவிட்டார்கள். அள்ளி வீசினால் மதிப்புக் குறையும் என்பது ஒரு பக்கம். அள்ளும் கை சுத்தமாக இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம். லாய்ட் ஜார்ஜ் பிரதமராக இருந்த காலத்தில் பட்டங்கள் விலைக்குப் போயின என்ற ஊழல் 1922இல் வெடித்து, பட்ட விற்பனையைத் தடுக்க 1925இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. போரில் பணம் சம்பாதித்தவர்கள், போரில் சேவை செய்தவர்களுக்கான பட்டத்தை அதே பணத்தால் வாங்கினார்கள் என்பதுதான் அதன் சாரம்.

இந்தியாவில் இதே காலத்தில் நடந்ததை நம் தாத்தாக்கள் நன்றாக அறிவார்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், கான் பகதூர், திவான் பகதூர். யுத்த நிதிக்கு வசூலித்துக் கொடுத்த மிட்டாதார், ஆள் சேர்த்துக் கொடுத்த மிராசுதார், கலெக்டரின் கண்ணில் பட்டவர் என்று பட்டியல் போகும். பஞ்சாபில் இது இன்னும் பச்சையாக நடந்தது. படையில் சேர்ந்தவனுக்குக் கால்வாய்ப் பாசன நிலம். ஆள் பிடித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவருக்கு சனத், கௌரவ வாள், ஜாகீர். அரசு கைம்மாறு செய்தது உண்மைதான். ஆனால் தோள் கொடுத்தவனுக்கும் அரசுக்கும் இடையில் நின்ற தரகனுக்குத்தான் அதில் பெரும்பங்கு போயிற்று. நேட்டாலின் 37 பதக்கங்களின் கதை பெரிய அளவில் திரும்ப நடந்தது, அவ்வளவுதான்.

கொடுத்த கைக்கே பட்டங்களையும் பதக்கங்களையும் திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மயிலாப்பூர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார்: இந்தியாவுக்குத் தன்னாட்சி கொடுத்தால் போருக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள் என்பது அதில் ஒரு வாதம். இதற்காக லண்டனில் அவரைக் கண்டித்தபோது, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1920 ஆகஸ்ட் 1 அன்று காந்தி மூன்று பதக்கங்களை வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார்: கெய்சர்-இ-ஹிந்த், ஜூலு போர்ப் பதக்கம், அந்தப் போயர் போர்ப் பதக்கம். இந்த நினைவில்தான் நம் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. பிறகு 1954இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தபோது, பட்டம் பின்வாசல் வழியாக வந்துவிட்டதா என்ற கேள்வியும் கூடவே வந்தது. இவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லி முடித்தது. நம் அழைப்பிதழ்களையும் சுவரொட்டிகளையும் பார்த்தால் அந்தத் தீர்ப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சாமானியனுக்கான விருது என்றால் உலகம் இன்றுவரை முதலில் சொல்வது ஜார்ஜ் சிலுவையைத்தான். 1940 செப்டம்பரில், லண்டன்மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே ஆறாம் ஜார்ஜ் மன்னர் இதை ஏற்படுத்தினார். குண்டு விழுந்த வீடுகளின் இடிபாட்டுக்கடியில் புகுந்து ஆட்களை மீட்டவர்கள், வெடிக்காத குண்டைத் தொட்டுச் செயலிழக்கச் செய்தவர்கள் ஆகியோருக்காக. இதை முதலில் நேரடியாகப் பெற்றவர் பிரிட்லிங்டன் என்ற கடற்கரை ஊரின் மீட்புப் பணியாளர் தாமஸ் ஆல்டர்சன். அவர் மீட்பு வேலை செய்தது ஆகஸ்டில். விருது வந்தது சில வாரங்களுக்குள். இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1942 ஏப்ரலில் அதே மன்னர் அந்தச் சிலுவையை மால்டா தீவுக்கே, அதாவது அங்கு வாழ்ந்த எல்லோருக்கும் சேர்த்து, கொடுத்தார். மால்டாவின் கொடியில் அது இன்றும் இருக்கிறது. மன்னருக்குச் செலவில்லாத பரிசு என்று சொல்லலாம். ஆனால் யார் உண்மையானவர், யார் போலி என்ற வழக்கே எழாத பரிசும் அதுதான்.

சோவியத் ஒன்றியம் வேறு வழியில் போயிற்று. ஊருக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கு ஒன்று. 1942 டிசம்பரில் லெனின்கிராட் பாதுகாப்புப் பதக்கம் ஏற்படுத்தினார்கள்; முற்றுகை அப்போது முடியவில்லை. பட்டறைத் தொழிலாளி, செவிலி, கூரையில் நின்று தீக்குண்டுகளை மண் போட்டு அணைத்த பள்ளிப்பிள்ளை என்று ஏறத்தாழ 15 லட்சம் பேருக்குக் கிடைத்தது. போர்க்கால உழைப்புக்காக 1945இல் வந்த இன்னொரு பதக்கம் ஒன்றரைக் கோடிப் பேரைத் தாண்டியது. ஆனாலும், முற்றுகைக்குள் பட்டினி கிடந்து பிழைத்ததையே ஒரு சேவையாகக் கணக்கில் எடுத்து, குறைந்தது நான்கு மாதம் உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு அடையாளப் பதக்கம் கொடுக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1965 ஆகஸ்டில், குல்மர்க் அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முகமது தீன் என்ற இளைஞரை அந்நியர் சிலர் வந்து விசாரித்தார்கள். பணம் நீட்டினார்கள், இந்திய ராணுவம் எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். அவர் தலையாட்டிவிட்டு நேராகத் தங்மர்க் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார். பாகிஸ்தானின் ஊடுருவல் திட்டம் அம்பலமானதற்கு அது முதல் காரணங்களில் ஒன்று. அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 1990இல் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு தரப்பு குறித்து வைத்துக்கொள்ளும் பெயரைத்தான் இன்னொரு தரப்பு கெஜட்டில் அச்சிடுகிறது. எல்லையோரச் சாமானியனுக்கு விருது கொடுக்கும் அரசு, விருது கொடுத்த மறுநாளிலிருந்து அவன் உயிருக்கும் பொறுப்பு என்று எந்த விதிமுறையிலும் எழுதி வைத்ததாக நான் பார்த்ததில்லை. 1999 மே மாதம் காணாமல் போன யாக்கைத் தேடி மலையேறி, பட்டாலிக் பகுதியில் ஊடுருவியவர்களைப் பார்த்துச் சொன்ன தாஷி நம்கியால் அந்த வகையில் பாக்கியவான். கார்கில் வெற்றியின் 25ஆம் ஆண்டு விழாவிலும் கலந்துகொண்டு, 2024 டிசம்பரில் இயற்கையாக இறந்தார்.

1971 டிசம்பரில் குஜராத்தின் புஜ் விமானத் தளத்தில் நடந்தது இன்னொரு ரகம். பாகிஸ்தான் விமானங்கள் ஓடுபாதையைக் குண்டு போட்டுப் பெயர்த்துவிட்டன. பழுதுபார்க்க ஆளில்லை. தளத்தின் பொறுப்பாளர் விஜய் கர்ணிக் பக்கத்து மாதாபர் கிராமத்தை உதவிக்குக் கேட்டார். சுமார் 300 பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சிலர் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். ஓடுபாதை மேலிருந்து தெரியாமலிருக்கச் சாணி பூசினார்கள். இவர்கள் தெரியாமலிருக்கப் பச்சைச் சேலை உடுத்தச் சொன்னார்கள். சங்கு ஊதினால் புதருக்குள் ஓடுவது, நின்றால் திரும்பி வந்து கல் சுமப்பது. 72 மணி நேரத்தில் ஓடுபாதை தயாராகி விமானம் மேலே கிளம்பியது. இந்திரா காந்தியின் அரசு 50,000 ரூபாய் கொடுத்தது. 300 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 170 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அவர்கள் பங்கிடவில்லை, ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்டினார்கள். 2018இல் அங்கே ஒரு நினைவிடமும் எழுந்தது. மால்டாவுக்கு மன்னர் செய்ததை மாதாபர் பெண்கள் தாங்களாகவே தங்களுக்குச் செய்துகொண்டார்கள் என்று எனக்குப் படுகிறது. தனித்தனியே பிரித்தால் பிச்சையாகத் தெரியும் தொகை, கூடமாக நின்றதும் மரியாதையாகிவிட்டது.

அங்கியும் கூடமும் எளிது. பென்ஷன் வந்ததும்தான் காகிதம் உள்ளே வருகிறது. சுதந்திர வெள்ளி விழாவையொட்டி 1972 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். 1980இல் வருமான வரம்பை எடுத்துவிட்டு, 'சம்மான்' என்று பெயரை மாற்றினார்கள். உதவி என்பது மரியாதையாயிற்று. நல்ல மாற்றம். ஆனால் தகுதி விதி என்ன சொல்கிறது? ஆறு மாதச் சிறை. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். அல்லது வாரண்டுக்குத் தப்பித் தலைமறைவு, ஊர் கடத்தல், சொத்துப் பறிமுதல், நிரந்தர ஊனம், வேலை பறிபோனது. கூர்ந்து பார்த்தால் விசித்திரம் புரியும். இந்தப் பட்டியலில் எதுவுமே தியாகி செய்தது அல்ல. எதிரி அவருக்குச் செய்தது. வெள்ளைக்காரனின் ஜெயில் ரிஜிஸ்தரில் பெயர் இருந்தால்தான் நம் அரசு நம்மை நம்பும். தொண்டர்களுக்குச் சோறு போட்டவள், கடிதம் கொண்டுபோன பையன், ஒளிந்திருந்தவருக்கு வைக்கோல் போரில் இடம் கொடுத்த குடும்பம் ஆகியோரை வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு திறமையாகச் செய்ததே அவர்கள் குற்றமாகிவிட்டது.

தமிழர்கள் மிக அதிகமாகப் பட்ட இடம் இதுவே. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் தமிழ்த் தொழிலாளர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அந்தப் படையின் துணைத் தளபதியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதன் தளபதி கேப்டன் லட்சுமிக்கு 1998இல் பத்மவிபூஷண். ரங்கூனிலிருந்து பின்வாங்கி, படை கலைந்து, தோட்டத்து லயத்துக்கே திரும்பிப் பால்வெட்டப் போன பெண்ணுக்கு எந்தச் சிறையின் சான்றிதழ் கிடைக்கும்?

சான்று இல்லையென்றால் உடன் இருந்தவர் கையெழுத்து வாங்கலாம் என்று விதி தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் போலி நுழைந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் விவகாரம் விசாரணை ஆணையம், உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அதே உச்ச நீதிமன்றம் 1993இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கில், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காகத் தியாகியை விரட்டாதே என்றது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், கொலை வழக்குக்குக் கேட்பதுபோல் இவர்களிடம் சாட்சி கேட்காதே, நடந்திருக்க வாய்ப்புண்டா என்று பார் என்றது. போலியைப் பிடிக்க வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் உண்மையானவர் சிக்கிக்கொள்கிறார். உண்மையானவரை உள்ளே விட வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் போலி நழுவி உள்ளே வருகிறார். எந்த அதிகாரியையும் இதில் முழுக்கக் குறைசொல்ல மனம் வரவில்லை. முப்பது வருடம் கழித்துச் சாட்சி தேடத் தொடங்கியதுதான் தவறு.

தாமதத்தோடு மறுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. ஜப்பானியரை எதிர்த்துக் காடுகளில் போராடிய கெரில்லாக்கள் விவசாயிகள், வாத்தியார்கள், மீனவர்கள். போர் முடிந்ததும் அங்கீகாரம் கேட்டுப் பத்து லட்சத்துக்கும் மேல் மனுக்கள் குவிந்தன. அமெரிக்கா ஏற்றது சுமார் 2,60,000. ஏற்றவர்களுக்கும் 1946 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டுப் படைவீரர் சலுகைகளைப் பறித்தார்கள். 2009இல், 63 வருடம் கழித்து, ஒரே தடவைத் தொகை அறிவித்தார்கள்: அமெரிக்கக் குடிமகனாகியிருந்தால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000. அப்போதும் போருக்குப் பிந்தைய ராணுவப் பெயர்ப்பட்டியலில் பெயர் இல்லையென்று பல ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். தன் சொந்தப் பெண்களிடமும் அமெரிக்கா கெட்டிதான். இரண்டாம் உலகப்போரில் ராணுவ விமானங்களை ஓட்டிய ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் சட்டப்படி சிவிலியன்கள். பணியில் இறந்த 38 பேருக்குக் கொடி போர்த்தவில்லை. 1977இல் படைவீரர் தகுதி. 2010இல் தங்கப் பதக்கம்.

இந்தக் கேள்வியின் எல்லா முகங்களும் ஒரே நாட்டில், ஒரே தலைமுறைக்குள் தெரிவது வங்கதேசத்தில். 1971 விடுதலைப் போரின் முக்திவாகினி சாமானியர்களின் படை. லுங்கியை மடித்துக் கட்டி வந்த கல்லூரி மாணவன், உழவன், படகோட்டி. 1973 டிசம்பரில் அரசு 676 பேருக்கு வீர விருதுகளை அறிவித்தது: 7 வீர் ஷ்ரேஷ்டோ, 68 வீர் உத்தம், 175 வீர் விக்ரம், 426 வீர் பிரதீக். உச்சியிலுள்ள அந்த ஏழு பேரும் சீருடைக்காரர்கள். உழவனும் மாணவனும் கீழ்ப்படிகளில் இடம் பிடித்தார்கள். 676இல் பெண்கள் இருவர்தான். ஒருவர் ராணுவ மருத்துவர் சிதாரா பேகம். இன்னொருவர் தாராமோன் பீபி. முகாமில் சமைக்கப் போன பதின்வயதுச் சிறுமி, துப்பாக்கி பழகிச் சண்டையிலும் இறங்கியவர். அவருக்கு வீர் பிரதீக் அறிவித்தது அவருக்கே தெரியாது. குரிகிராம் மாவட்டத்தின் ஆற்று மணல்திட்டு ஒன்றில் வறுமையிலும் காசநோயிலும் கிடந்தவரை 1995இல் ஓர் ஆய்வாளர் தேடிப்பிடித்துச் சொன்ன பிறகுதான் தெரியும். அரசிடம் பெயர் இருந்தது, ஆளைத் தேடவில்லை. அந்த டிசம்பரில் பிரதமர் காலிதா ஜியா பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். பாகிஸ்தான் படையால் சீரழிக்கப்பட்ட பெண்களுக்கு 'வீராங்கனை' என்று புதிய அரசு போர் முடிந்ததுமே பெயர் சூட்டியது. அவர்களைச் சுதந்திரப் போராளிகளாகக் கெஜட்டில் சேர்க்க 2015 ஆயிற்று. அதற்குள் அந்தச் சொல்லையே ஊர் வசையாக்கிவிட்டது.

போராளிகள் எத்தனை பேர்? அதிபர் எர்ஷாத் காலத்துப் பட்டியலில் சுமார் ஒரு லட்சம். ஆட்சி மாற மாறப் பட்டியலும் மாறி, 2000களின் நடுவில் சுமார் இரண்டு லட்சம். போர் முடிந்து வயது கூடக்கூட எண்ணிக்கை குறையவேண்டும் என்பது இயற்கை, இங்கே கூடியது. காரணம் எளிது. 1972 செப்டம்பரிலேயே அரசு வேலைகளில் 30 சதவீதம் போராளிகளுக்கு ஒதுக்கியாயிற்று. 2000வாக்கில் 300 டாக்காவில் தொடங்கிய மாதப்படி 2021இல் 20,000 டாக்காவானது. சான்றிதழுக்குச் சந்தை மதிப்பு வந்துவிட்டது. 2014இல் அரசின் செயலாளர்கள் சிலரே போலிச் சான்றிதழ் வைத்திருந்தது தெரிந்து ரத்து செய்தார்கள். பிற்பாடு, போரின்போது குறைந்தது எவ்வளவு வயது இருந்திருக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். 12 வயது 6 மாதம். அந்த 2014இலேயே இன்னொரு கூத்தும் வெளிவந்தது. வங்கதேசத்துக்குத் துணைநின்ற வெளிநாட்டு நண்பர்களுக்குக் கொடுத்த நினைவுக் கேடயங்களில் ஒரு பரி, அதாவது பதினொன்றரைக் கிராமுக்கு மேல், தங்கம் இருந்திருக்க வேண்டும். சோதித்துப் பார்த்ததில் இரண்டரைக் கிராமுக்கும் குறைவு. வெள்ளி இருக்கவேண்டிய இடத்தில் பித்தளைக் கலவை. நன்றியில்கூடச் சேதாரம் எடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது உலகமறிந்தது. 30 சதவீத ஒதுக்கீடு 1997இல் போராளிகளின் பிள்ளைகளுக்கும் 2010இல் பேரப்பிள்ளைகளுக்கும் நீண்டது. 2018இல் மாணவர் போராட்டத்தால் நீக்கினார்கள். 2024 ஜூன் 5 அன்று உயர் நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜூலை 14 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா, போராளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இல்லையென்றால் ரசாக்கர்களின் (1971இல் பாகிஸ்தான் படைக்குத் துணைபோனவர்களின்) பேரப்பிள்ளைகளுக்கா என்று கேட்டது எரிகிற தீயில் எண்ணெயாயிற்று. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை 5 சதவீதமாக்கியது, காலம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று ஹசீனா நாட்டைவிட்டுப் போனார். அந்த வாரங்களில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் கணிப்பு. ஒதுக்கீடு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது வரலாறாகாது. ஆட்சியின்மேல் குவிந்திருந்த கோபங்கள் பல. ஆனால் திரி பற்றியது இந்த இடத்தில். நாட்டுக்காகப் போராடிய உழவனுக்கு நன்றி சொல்ல எழுதிய விதி, ஐம்பது வருடம் கழித்து உழவன் மகனை நாட்டுக்கு எதிராக நிறுத்தியது. 2025 ஜூனில் இடைக்கால அரசு யார் போராளி என்ற வரையறையை மறுபடி மாற்றியது: துப்பாக்கி ஏந்தியவர் ஒரு வகை, சுதந்திர வங்க வானொலியில் பாடியவர், நிதி திரட்டக் கால்பந்து ஆடியவர் எல்லாம் 'துணைநின்றோர்' என்று தனி வகை. ஐம்பத்து நாலு வருடம் கழித்தும் பட்டியல் முடியவில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். கைம்மாறு சூட்டோடு சூடாக நடக்கவேண்டும். ஆல்டர்சனுக்குச் சில வாரம். அதில் போலி நுழைய நேரமே இல்லை. சாட்சி தேடும் சுமை மனு கொடுப்பவன் தலையில் விழக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரோ முகாம் அதிகாரியோ அன்றைக்கே ஒரு பேரேட்டில் பெயர்களை எழுதி வைத்திருக்க வேண்டும். கர்ணிக் போன்ற ஓர் அதிகாரி அன்றிரவே முந்நூறு பெயரையும் எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊராகச் செய்ததற்கு ஊருக்குக் கொடுக்கலாம். செய்தவருக்கும் அவர் துணைக்கும் ஆயுள் உள்ளவரை கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிறந்திராத பேரனுக்கு அதில் பங்கில்லை. பேரனுக்கு வேலை வேண்டும் என்றால், அதற்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன. தாத்தாவின் துப்பாக்கியை அதற்குச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம்.

பரணில் ரெக்சின் பை வைத்திருக்கும் வீடுகள் சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ திரும்பிய தாத்தாவின் நிராகரிக்கப்பட்ட பென்ஷன் மனு, மங்கிய படையணிப் புகைப்படம், உடன் இருந்தவர் கைப்பட எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு. பென்ஷன் இனி வராது. அந்தப் பை உங்கள் வீட்டில் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், வருடம், பக்கத்தில் நிற்பவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு நகலைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிலோ கொடுத்து வையுங்கள்.